நீமோவின் தந்தையும் நம்மூர்க் கொடுவாவும்

அம்பத்தூரில் தமிழ்வழியில் பயிலும் சிறுவர் சிறுமியர் இருபது பேருக்கு அண்மையில் ஒரு ஞாயிறு மாலை ‘ஃபைண்டிங் நீமோ’ என்னும் படத்தைப் போட்டுக் காட்டினோம். படம் ஆங்கிலத்தில் ஓடியது. இடையிடையே நான் தமிழில் கதை சொல்லி வந்தேன். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். “சார், அம்மா மீன் முதல்லயே செத்துப் போச்சே. நெஜமாவே கடல்ல அப்படி நடந்தா அப்பா மீன் என்ன சார் செய்யும்?” என்று கேட்டாள்.

கடல் மீன்களைப் பற்றிய ஒரு படத்தை மதிப்பிட இதைவிடச் சிறந்த அளவுகோல் கிடைப்பது அரிது. அவளுடைய கேள்விக்குப் படத்தில் ஒரு விடை இருக்கிறது. கடலில் வேறொரு விடை இருக்கிறது. இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படத்தின் நிறைகுறைகள் தாமே விளங்கும். அத்துடன், மீன்களைப் பற்றித் தமிழில் எழுதும் நம்முடைய குறை ஒன்றும் வெளிப்படும்.

கதையும் அதன் நிறைகளும்

அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் தயாரித்து, ஆண்ட்ரூ ஸ்டான்டன் இயக்கிய இப்படம் 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. மறு ஆண்டு, சிறந்த நெடும் அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கார் பரிசையும் பெற்றது. கதை எளியது. ஆஸ்திரேலியாவின் பவளத் திட்டில் மார்லின், கோரல் என்னும் கோமாளி மீன் இணை வாழ்கிறது. ஒரு சீலா மீன் பாய்ந்து வந்து தாயையும் நூற்றுக்கணக்கான முட்டைகளையும் விழுங்கிவிடுகிறது. எஞ்சுவது ஒரே ஒரு முட்டை. அதிலிருந்து வெளிவருபவன் நீமோ. அவனை முக்குளிக்க வந்த சிட்னி நகரத்துப் பல் மருத்துவர் ஒருவர் பிடித்துக்கொண்டு போய்த் தம் கண்ணாடித் தொட்டியில் விட்டுவிடுகிறார். மகனைத் தேடித் தந்தை கடலைக் கடக்கிறது. மறதிக்கார நீல மீன் டோரி துணைக்கு வருகிறது.

மீன்கள் பேசுகின்றனவே என்று குறை கூறுவது நம் வேலையன்று. நரியும் காகமும் பேசும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பேச்சைக் கழித்துவிட்டுப் பார்த்தால், படத்தில் மெய்யான விஞ்ஞானம் நிறையவே இருக்கிறது. ஆடம் சம்மர்ஸ் என்ற மீனியல் அறிஞரைப் படக்குழுவினர் ஆலோசகராக வைத்துக்கொண்டனர். மீன்கள் எவ்வாறு நீந்துகின்றன, துடுப்புகளை எவ்வாறு அசைக்கின்றன என்று அவர் பாடமே நடத்தினார். பவளத் திட்டுக் காட்சியில் கெல்ப் என்னும் பெரும் கடற்பாசியை ஓவியர்கள் வரைந்திருந்தனர். அது குளிர்ந்த கடல்களில் வளர்வது, வெப்பக் கடலின் பவளத் திட்டில் வளராது என்று வேறோர் அறிஞர் சுட்டிக்காட்டவே அதை நீக்கிவிட்டனர். இந்த அக்கறையைப் பாராட்ட வேண்டும்.

கோமாளி மீனின் வீடாகிய அனிமோனையும் படம் சரியாகவே காட்டுகிறது. கடல் சாமந்தி என்று நாம் சொல்லும் இப்பிராணியின் இதழ் போன்ற கைகளில் கொட்டும் அணுக்கள் உள்ளன. வேறு சிறு மீன்கள் பட்டால் மடியும். கோமாளி மீனோ அதற்குள்ளேயே உறங்கும். நீமோ வீட்டைவிட்டுப் புறப்படுமுன் அனிமோனில் உடம்பைத் தேய்த்துக்கொள்ளும் காட்சி வேடிக்கைக்காக மட்டும் வைத்ததன்று. கோமாளி மீன்கள் மெய்யாகவே உடம்பைத் தேய்த்துத் தேய்த்துப் பழகிக்கொள்கின்றன. அவற்றின் மேற்தோல் வழுவழுப்பில் சியாலிக் அமிலம் என்னும் பொருள் மிகக் குறைந்திருப்பதும், கொட்டும் அணுக்களைத் தூண்டிவிடுவது அப்பொருளே என்பதும் 2025இல் வெளியான ஓர் ஆய்வில் தெரியவந்தன. முட்டையிலிருந்து வந்த புதிதில் குஞ்சுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. உருமாறி வெள்ளைப் பட்டைகள் தோன்றும் பருவத்தில்தான் அது வாய்க்கிறது.

தந்தையின் பாசமும் முழுக்கக் கற்பனையன்று. கோமாளி மீன்களில் முட்டைகளைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஆண்தான். துடுப்பால் விசிறி நீரோட்டம் கொடுப்பதும், கெட்டுப்போன முட்டைகளை வாயால் அகற்றுவதும் அதன் பணி. ஏறத்தாழ ஒரு வாரம் இந்தக் காவல் நடைபெறுகிறது. படம் இதுவரை மீனின் பக்கம் நிற்கிறது.

இடறும் இடம்

முட்டை பொரிந்த பிறகுதான் படம் கடலைவிட்டு மனிதர் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

கோமாளி மீனின் குஞ்சு தகப்பனோடு தங்குவதில்லை. பொழுது சாய்ந்தபின் முட்டையிலிருந்து வெளிவந்து, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள உடலுடன் திறந்த கடலுக்குப் போய்விடுகிறது. ஏறக்குறைய பத்து நாட்கள் அங்கே அலைகிறது. பிறகு மணத்தைக் கொண்டு பவளத் திட்டையும் அனிமோனையும் தேடிக் கண்டுபிடித்துக் குடியேறுகிறது. பப்புவா நியூ கினியின் கிம்பே தீவில் செய்யப்பட்டு 2007இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆராய்ச்சியை இங்கே குறிப்பிட வேண்டும். தாய் மீன்களுக்குத் தீங்கற்ற ஒருவகைப் பேரியத்தைச் செலுத்தினர். அதன் சுவடு குஞ்சுகளின் செவிக்கல்லில் பதிந்தது. பின்னர் அந்தத் திட்டில் குடியேறிய குஞ்சுகளைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ 60 சதவீதம் அதே திட்டில் பிறந்தவை என்று தெரிந்தது. கடலில் அலைந்தவை பிறந்த இடத்துக்கே திரும்பியிருக்கின்றன! மற்றொரு பக்கம், ஓமன் நாட்டுக் கரையில் கோமாளி மீன் குஞ்சுகள் 400 கிலோமீட்டர் தொலைவுவரை சென்று குடியேறியதை 2014இல் மரபணுச் சோதனையால் கண்டறிந்தனர்.

ஆகவே நீமோ தொலைந்து வீடு திரும்பும் கதை, ஒரு நீமோவுக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. ஒவ்வொரு கோமாளி மீனும் பிறந்த முதல் இரண்டு வாரங்களில், தந்தையின் துணையின்றி, அத்தகைய பயணம் ஒன்றை நடத்தி முடித்திருக்கிறது. படக்குழு மிகுந்த பொருட்செலவில் கற்பனை செய்த துணிகரப் பயணத்தைவிடப் பெரியது, மீனின் வாழ்வில் ஏற்கெனவே இருந்தது. அதைப் படம் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

இனி, மாணவியின் கேள்விக்கு வருவோம். ஓர் அனிமோனில் வாழும் கோமாளி மீன்களில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண். மற்றவை இனப்பெருக்கத்தில் ஈடுபடாத சிறிய மீன்கள். பெண் மறைந்துவிட்டால் ஆண் மீன் பெண்ணாக மாறுகிறது. வரிசையில் அடுத்து நிற்கும் மீன் வளர்ந்து ஆணாகிறது. ஹான்ஸ் ஃபிரிக்கே, சிமோன் ஃபிரிக்கே ஆகிய இருவரும் இதனை 1977இல் நேச்சர் இதழில் விளக்கினர். பதவி உயர்வுக்காகக் காத்திருக்கும் சிறு மீன்கள், தமக்கு மேலுள்ளதைவிடப் பெரிதாகிவிடாதபடி தம் வளர்ச்சியையே கட்டுப்படுத்திக்கொள்கின்றன என்று பீட்டர் பஸ்டன் 2003இல் காட்டினார். நீமோ திரைக்கு வந்த ஆண்டும் அதுவே. வரிசை மீறிப் பெரிதானால் மேலுள்ள மீன் துரத்திவிடும். துரத்தப்பட்ட மீனுக்கு அனிமோனுக்கு வெளியே சாவுதான். 2025இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, கடல்நீர் அளவுமீறிச் சூடேறிய காலத்தில் இம்மீன்கள் நீளத்திலேயே குறுகிப் பிழைப்பதைக் கண்டிருக்கிறது.

எனவே, மாணவிக்கு உரிய விடை இதுதான்: “அப்பா மீன் அம்மா மீனாகிவிடும்.”

திருத்தியவர்களின் பிழை

இந்த உண்மையைப் பலர் முன்பே எழுதியிருக்கின்றனர். ஆனால் பெரும்பாலோர் அதோடு நில்லாமல், “மார்லின் பெண்ணாகும், நீமோ வளர்ந்து அதற்கே துணைவனாகும்” என்று கிண்டலாகவும் சேர்த்துக்கொள்கின்றனர். முதற்பாதி சரி. பிற்பாதி தவறு. குஞ்சுகள் திறந்த கடலுக்குப் போய்விடுவதால், ஓர் அனிமோனில் சேரும் மீன்கள் பொதுவாக ஒரு வயிற்றுப் பிள்ளைகளல்ல. பஸ்டனும் அவருடைய துணைவர்களும் 2007இல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து, அவை நெருங்கிய உறவினர் அல்ல என்றே கண்டனர். படம் மீனுக்கு மனிதக் குடும்பத்தைப் பொருத்தியது. திருத்தியவர்களும் அதே குடும்பத்தை விடாமல் வைத்துக்கொண்டு பாலை மட்டும் மாற்றிவிட்டனர். பிழையைத் திருத்துபவர் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டாமா?

படத்தைப் பற்றிப் பரவிய இன்னொரு செய்தியையும் இவ்வாறே சோதித்துப் பார்க்க வேண்டும். நீமோவைக் கண்ட பிள்ளைகள் எல்லாரும் கோமாளி மீன் கேட்டு அடம் பிடித்ததால் கடலில் அவை சூறையாடப்பட்டன என்பது அச்செய்தி. 2017இல் மிலிட்ஸ், ஃபோல் என்ற இருவர் கிடைத்த சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அப்படியொரு பெருக்கத்துக்கு உறுதியான ஆதாரம் அகப்படவில்லை. 2016இல் வந்த இரண்டாம் பாகமான ‘ஃபைண்டிங் டோரி’ பற்றி 2019இல் வெளியான ஆய்வும் இதே முடிவுக்கு வந்தது. செய்யாத குற்றத்தைப் படத்தின்மேல் சுமத்தக்கூடாது. ஆயினும் தொட்டிக்காகக் கடலில் மீன் பிடிப்பது இன்றும் நடப்பதே. அம்பத்தூருக்குக் கிழக்கே, வண்ண மீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற கொளத்தூருக்குப் போய்க் கோமாளி மீன் கேட்பவர்கள், அது வளர்ப்பகத்தில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்றும் கேட்க வேண்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறைகளை நம் நாட்டில் உருவாக்கியிருக்கின்றன. ஆகவே இக்கேள்விக்குப் பொருளுண்டு.

பால் மாறுவது ஏன்?

“ஆண் பெண்ணாக மாறும் அதிசய மீன்!” என்று தலைப்பிட்டு நான்கு வரி எழுதி முடிப்பது நம் பத்திரிகைகளின் வழக்கம். நானும் அப்படி எழுதியவன்தான். அதிசயம் என்று சொல்லி முடித்துவிட்டால் சிறுவன் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவான். ஏன் என்று சொன்னால்தான் அது விஞ்ஞானமாகும்.

1969இல் மைக்கேல் கிஸலின் ஒரு விளக்கம் அளித்தார். முட்டை பெரியது, அதனை உண்டாக்க உடலில் இடமும் உணவும் வேண்டும். பெரிய உடலில் முட்டைகள் மிகுதியாகும். விந்தணு மிகச் சிறியது. சிறிய உடலும் போதிய அளவு தந்துவிடும். ஓர் அனிமோனில் ஒரே இணைக்குத்தான் வாய்ப்பு என்றால், இரண்டில் பெரியது பெண்ணாயிருப்பதே இருவருக்கும் ஆதாயம். ஆகவே கோமாளி மீன் சிறுத்திருக்கையில் ஆண், பெருத்தபின் பெண்.

ஒரே ஆண் பல பெண்களைக் காத்து நிற்கும் இனங்களில் கணக்குத் தலைகீழாகும். அங்கே சண்டையிட்டு எல்லை காக்கும் பெரிய உடல் ஆணுக்குத்தான் பயன்படும். பிற மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் துப்புரவு மீன் இதற்குச் சான்று. கூட்டத்தின் ஆண் மறைந்தால், பெண்களில் பெரியது சில மணி நேரத்தில் ஆணைப்போல் நடக்கத் தொடங்குகிறது. இரண்டு வாரம்போல ஆனதும் விந்தணுக்களே உண்டாகிவிடுகின்றன. ராபர்ட்சன் 1972இல் இதனை வெளியிட்டார். ஒரே விதி, இரண்டு வாழ்க்கை முறைகள், எதிரெதிரான இரண்டு முடிவுகள். இதை எட்டாம் வகுப்பு மாணவிக்கு விளக்கப் பத்து நிமிடம் போதும் என்பதை அன்று மாலை கண்டேன்.

மீன் கடையில்

படம் பார்த்த பிள்ளைகளுக்கு ஒரு நினைப்பு வந்துவிடுகிறது: இத்தகைய மீன்கள் எல்லாம் ஆஸ்திரேலியாவில்தான் இருக்கும் என்று. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பிள்ளைகளுக்குக் கடல் என்பது ரயிலோ பேருந்தோ ஏறிச் சென்று காணும் பொருள். ஆனால் காசிமேட்டிலிருந்து கடல் நாள்தோறும் கூடையில் நம் தெருவுக்கு வருகிறது.

அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளைகளில் சிலரை அழைத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனேன். சின்னக் கொடுவா ஒன்றும் பெரிய கொடுவா ஒன்றும் பலகைமேல் கிடந்தன. சினை எதில் இருக்கும் என்று மீன்காரம்மாவைக் கேட்டேன். “சின்னதுல சினை ஏதுண்ணே? பெரிய கொடுவா வரட்டும், வெட்டித் தர்றேன், பாருங்க” என்றார். அரிவாள்மனையின் முன் பல ஆண்டு உட்கார்ந்தவர் சொல்வது, புத்தகத்தோடு ஒத்துப்போகிறது. கொடுவா மீன்களில் பெரும்பாலானவை முதலில் ஆணாகவே முதிர்கின்றன. சில ஆண்டுகள் கழித்து, எடை கூடியபின், பெண்ணாகின்றன. நீமோவின் தந்தைக்கு நேர வேண்டியிருந்த மாற்றம், பழவேற்காட்டிலும் கழிமுகங்களிலும் வாழும் கொடுவாவுக்கு இயல்பாகவே நேர்கிறது. ஒரே வேறுபாடு: கோமாளி மீன் துணை மறைந்தால் மாறும், கொடுவா வயதும் உடலும் பெருகுவதால் மாறும்.

1987இல் சென்னையில் தொடங்கப்பெற்ற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், 1997இல் கொடுவாவை வளர்ப்பு நிலையில் இனப்பெருக்கம் செய்வித்து வெற்றி கண்டது. தாய் மீன் வேண்டுமென்றால் ஆண் மீன் முதிர்ந்து பால் மாறும்வரை பல ஆண்டுகள் வளர்த்துக் காத்திருக்க வேண்டும் என்பதே அத்தொழிலின் சங்கடங்களில் ஒன்று.

பக்கத்துப் பலகையில் களவா கிடந்தது. களவா இனங்களில் பல இதற்கு நேர்மாறானவை. முதலில் பெண், பிறகு ஆண். இங்கேதான் அதிசயம் என்று சொல்லிக் கடந்துவிடுவதன் கேடு விளங்குகிறது. பெரிய களவாக்களையே தேடித்தேடிப் பிடித்தால் கடலில் எஞ்சுபவை பெரும்பாலும் பெண்களாயிருக்கும். மெக்சிகோ வளைகுடாவில் காக் என்னும் களவா இனத்தில் அப்படியே நடந்தது. 1970களில் ஏறத்தாழ 17 சதவீதமாக இருந்த ஆண்கள் 1990களில் 2 சதவீத அளவுக்குக் குறைந்தனர். அதுபோலப் பெரிய கொடுவாக்களையே எடுத்துவிட்டால் குறைபவை தாய்கள். சிறியதைப் பிடிக்காதே என்று மட்டும் சொன்னால் போதாது. பெரியவற்றிலும் சிலவற்றை விட்டுவைக்க வேண்டும். மீனின் மறைவான வாழ்க்கையை அறியாமல் மீன்வளத்தைக் காக்க இயலாது.

தூண்டில் மீனும் டோரியும்

படத்தில் வேறு இரண்டு மீன்களைப் பற்றியும் சுருக்கமாகக் கூற வேண்டும். ஆழ்கடலின் இருளில் விளக்கேந்தி வந்து பயமுறுத்தும் தூண்டில் மீனைப் படம் வெறும் பூதமாகவே பயன்படுத்துகிறது. அந்த விளக்கில் ஒளிர்பவை பாக்டீரியாக்கள். அதனை ஏந்துவது பெண் மட்டுமே. சில இனங்களில் குள்ளமான ஆண், பெண்ணின் உடலைக் கடித்துப் பற்றி, இரத்த ஓட்டமும் ஒன்றாகி, அவளோடு ஒட்டியே வாழ்ந்துவிடுகிறது. 1922இல் ஐஸ்லாந்து அறிஞர் சேமுண்ட்ஸன் ஒட்டியிருந்தவற்றைக் குஞ்சுகள் என்றே கருதினார். அவை ஆண்கள் என்று 1925இல் டேட் ரீகன் தெளிவுபடுத்தினார். வேற்றுடலை ஏற்காமல் விலக்கும் நோய் எதிர்ப்பு ஏற்பாட்டின் முக்கியப் பகுதிகளை இம்மீன்கள் இழந்திருப்பது 2020இல் தெரிந்தது. எல்லையற்ற கடலிருளில் துணையைக் காண்பது அரிது. கண்டபின் விட்டுவிடாதிருக்க இப்படியொரு ஏற்பாடு.

டோரியின் மறதி அதற்கு மட்டும் உள்ள நோய் என்று படம் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் மீனுக்கு நினைவே கிடையாது என்ற பழைய தவறான எண்ணத்தோடு அது ஒத்துப்போய்விடுகிறது. உளுவை இனத்தைச் சேர்ந்த ஒரு மீன், கடல் ஏறியிருக்கும்போது பாறைக் குழிகளின் அமைப்பை மனத்தில் பதித்துக்கொண்டு, கடல் வற்றியபின் கண்ணுக்குத் தெரியாத அடுத்த குழிக்குக் குறிதவறாமல் துள்ளுகிறது. பழகிய இடத்தை 40 நாட்கள் கழித்தும் அது மறக்கவில்லை என்று லெஸ்டர் ஆரன்சன் கண்டார்.

முடிவாக

‘ஃபைண்டிங் நீமோ’வைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா? தாராளமாகக் காட்டலாம். மீனின் உடலையும் அசைவையும் இருப்பிடத்தையும் இவ்வளவு அன்போடு தீட்டிய கதைப் படம் வேறில்லை எனலாம். மீனின் உடலுக்குக் காட்டிய மரியாதையை மீனின் வாழ்க்கைக்கும் காட்டியிருந்தால் கதை இன்னும் வியப்புக்குரியதாயிருக்கும் என்பதே நம் குறை. தகப்பன் தாயாவதும், விரல்நுனி அளவுகூட இல்லாத குஞ்சு தன்னந்தனியே கடல் கண்டு திரும்புவதும் சிறுவர்க்குப் புரியாதவை அல்ல. சொல்லத் துணிந்தவர்தாம் இல்லை.

எனினும் அயல்நாட்டுப் படத்தைக் குறைகூறுமுன் நம் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கொடுவாவும் களவாவும் நம் சட்டியில் கொதித்துக்கொண்டிருக்க, நாம் பல ஆண்டுகளாகத் தொலைதூரக் கடல்களின் அதிசயங்களையே பட்டியலிட்டு வந்தோம். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தைக் காட்டுங்கள், பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள், மறுவாரம் அவர்களை மீன் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் மீன்காரம்மாக்கள் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். எங்கள் மாணவி இப்போது வீட்டில் மீன் வாங்கும்போதெல்லாம் சினை இருக்கிறதா என்று பார்த்து, மீனின் பெயரையும் எடையையும் ஒரு நோட்டில் குறித்து வருகிறாள்.